பதினொன்றரையாம் இடம்

ஏறாவூர் நிஸ்தாருக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு வரி. 'இவர் கூடைப்பந்து விளையாடியவர்.' அதற்குக் கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

அந்த வரியில் பொய்யும் இல்லை. பதினெட்டு வயதில் மாவட்ட அணிக்கு ஆடத் தொடங்கியவன் அவன். பிறகு கொழும்பில் ஒரு கம்பனி அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்து நாலு வருடம் ஆடவைத்தது. அதற்கும் பிறகு மாலைதீவில் ஒரு கழகம் ஒரு பருவம் முழுக்க ஒப்பந்தம் போட்டு ஆடவைத்தது. அங்கேதான் முழங்கால் போனது. ஊருக்குத் திரும்பி வந்தவனுக்கு வீடுகளுக்கு மாபிள் பதிக்கிற வேலை அமைந்தது. முழங்கால் கெட்டவனுக்கு முழங்காலில் நிற்கிற தொழில்தான் கிடைத்தது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு எழும்பும்போது சுவரைப் பிடிப்பான்.

முப்பத்தொன்பதாவது வயதில் கட்டாரில் ஒரு பள்ளிக்கூடம் அவனைக் கூடைப்பந்துப் பயிற்றுநராக எடுக்கச் சம்மதித்தது. எல்லாம் முடிந்திருந்தது. ஓட்டமாவடி ஏஜென்ட் முத்தலிப் போனில் கடைசியாக ஒன்று சொன்னார்.

"ஒங்கட மாவட்டத்து ஆக்கள்ட்ட ஒரு கடிதம் எடுங்க. முப்பதாம் திகதிக்குள்ள அனுப்போணும். வேற ஒண்டும் அவங்களுக்கு எடுபடா."

அன்று திகதி ஒன்பது. ஒரு வரிக்கு மூன்று கிழமை. நிஸ்தார் தன் மனைவி நஸீறாவிடம், "பகல் சோத்துக்கு வந்திருவன்" என்று சொல்லிவிட்டு மட்டக்களப்பு பஸ் ஏறினான்.

மாவட்டக் கூடைப்பந்துச் சங்கம் இருந்த இடத்தில் இப்போது மாவட்டக் கூடைப்பந்து முக்காலத் தரவரிசைப் பேரவை இருந்தது. வாவிக் கரையில் ஒரு பழைய மாடிக் கட்டடம். கீழே சீமெந்துத் தரை, இரண்டு கம்பம், இரண்டு வளையம். வாயிலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டுக்கு மேலே பலகை: 'வரலாற்றுத் தரை. ஒப்பீடு நடைபெறுவதால் விளையாடத் தடை.'

மாடியில் பேரவைத் தலைவர் கனகசிங்கம் இருந்தார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வெள்ளைச் சட்டையில் இரண்டு பேனை. பக்கத்து மேசையில் செயலாளர் ஹில்மி, காத்தான்குடிக்காரன், முப்பது வயதிருக்கும். அவனுக்கு முன்னால் ஒரு கணினியும், அதைவிட உயரமான ஒரு கோப்பு அடுக்கும். சுவரோரம் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே ஒரு பந்து.

நிஸ்தார் விஷயத்தைச் சொன்னான். கனகசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"விளையாடினவர் எண்டு எழுதலாம்," என்றார். "ஆனா எப்பிடி விளையாடினவர் எண்டு கேட்டா?"

"அவங்க அதைக் கேக்கல்ல, சேர்."

"நாளைக்குக் கேட்டா? தம்பி, விளையாடுறது ஆராலயும் ஏலும். விளையாடினதை ஒப்பிடுறதுக்குத்தான் படிப்பு வேணும். இந்த மாவட்டத்தில அறுபத்தைஞ்சு வருஷமா பந்து எறிஞ்சிருக்கிறாங்க. வெறுங்காலோட எறிஞ்சவன், சப்பாத்தோட எறிஞ்சவன், புயலுக்கு முதல் எறிஞ்சவன், பிறகு எறிஞ்சவன். இதில ஆர் பெரியவன்? ஆருக்கும் தெரியாது. அந்தக் குறையை நீக்கத்தான் பேரவை. தரவரிசையில இடம் இல்லாத ஆளுக்கு நாங்க கடிதம் குடுக்கிறதில்லை."

"அப்ப எனக்கு ஒரு இடத்தைத் தாங்க, சேர். கடைசி இடம் எண்டாலும் காரியமில்ல."

கனகசிங்கம் கண்ணைத் திறந்தார். நிஸ்தார் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல ஹில்மியும் தலையை நிமிர்த்தினான்.

"கடைசி இடத்தைச் சும்மா குடுக்க ஏலாது, நானா," என்றான் ஹில்மி, அண்ணனிடம் சொல்வதுபோல. "அதுக்கு எல்லாரையும் விட நீங்க குறைவெண்டு நிரூபிக்கோணும். அது முதலாம் இடத்தை விடக் கஷ்டம்."

"நான் வாழ்க்கையில ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை," என்றார் கனகசிங்கம், நெஞ்சில் கைவைத்து. "அதனாலதான் என்னைத் தலைவராப் போட்டவங்க. எனக்குப் பக்கச்சார்பு இல்லை."

நிஸ்தார் கொண்டுவந்த மூலப் பத்திரங்களையெல்லாம் ஹில்மி வாங்கினான். மாலைதீவு ஒப்பந்தம், கொழும்புக் கம்பனியின் அடையாள அட்டை, மாவட்ட அணிப் படம் ஒன்று. எல்லாவற்றிலும் துளையிட்டு ஒரு கோப்பில் கட்டினான். "பன்னிரண்டாம் திகதி வாங்க," என்றான். பகல் சோற்றுக்கு நிஸ்தார் வீட்டுக்குப் போய்விட்டான். அன்று மட்டும்.

பன்னிரண்டாம் திகதி போனபோது வெளியே விறாந்தை வாங்கில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், உட்கார்ந்திருக்கும்போதே நிற்கிற ஆளின் உயரம். இடது கை மடியில் சும்மா கிடந்தது. அந்தக் கையின் விரல்களைப் பார்த்ததுமே நிஸ்தாருக்கு ஆளைத் தெரியாவிட்டாலும் அது பந்து எறிந்த கை என்று தெரிந்தது.

"ஐயாவும் கடிதத்துக்கா?"

"எனக்கு ஏன் மனே கடிதம்? எனக்கு எண்பத்தொரு வயசு." அவர் கோணாமலை. தேற்றாத்தீவில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்திரண்டாம் ஆண்டிலிருந்து ஒன்பது வருடம் மாவட்ட அணிக்கு ஆடியவர். "நான் என்ட அலுவலா வரல்ல. பதியுதீன்ட அலுவலா வந்திருக்கன்."

"அவர் எங்க?"

"அவன் மௌத்தாகி, மண்ணுக்குள்ள போய் இருபத்தாறு வருஷம்."

அவர் சொன்னது இதுதான். அந்த ஒன்பது வருடமும் கோணாமலையும் பதியுதீனும் ஒரே அணி. பழைய கொப்பிகளில் கோணாமலையின் பெயருக்கு நேரே ஆயிரத்துக்கு மேல் புள்ளி இருக்கிறது. பதியுதீனின் பெயருக்கு நேரே அறுபதோ எழுபதோ. ஆனால் கோணாமலை எறிந்த பந்தெல்லாம் பதியுதீன் கொடுத்த பந்து. அந்தக் காலத்தில் புள்ளியை மட்டும்தான் எழுதினார்கள்; யார் கொடுத்தது என்று யாரும் எழுதவில்லை. இப்போது பேரவையின் வரைவுப் பட்டியலில் கோணாமலை பதினோராம் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். பதியுதீன் இருநூற்றுப் பதினாலில் கிடக்கிறார்.

"அவனை எனக்கு மேல போடுங்க எண்டு கேட்டு வாறன். பதினொரு மாசம்."

"பதினொரு மாசமா? என்ன சொல்றாங்க?"

"பட்டியல்ல புள்ளிக்குக் கொலம் இருக்காம், கொடுக்கிறதுக்குக் கொலம் இல்லையாம்."

அந்த வேளையில் உள்ளேயிருந்து மணி அடித்தது. இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். காரணத்தை ஹில்மி விளக்கினான். ஒருவருடைய இடத்தைத் தீர்மானிக்க அவரை வேறு காலத்து வீரர் ஒருவரோடு சோடி சேர்க்க வேண்டும். நிஸ்தார் இடக்கைக்காரன். கோணாமலையும் இடக்கைக்காரர். மாவட்ட வரலாற்றில் வேறு இடக்கை இல்லை. ஆகவே ஒருவரின் கோப்பு முடியாமல் மற்றவரின் கோப்பு முடியாது.

நிஸ்தார் இரண்டு கோப்பையும் மாறிமாறிப் பார்த்தான். பதினொரு மாதக் கோப்போடு தன்னைக் கட்டிவிட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

ஹில்மி கணினியைத் திருப்பிக் காட்டினான். அவன் கெட்டவன் இல்லை. தன் வேலையை நேசித்தான். "இது காலத் திருத்தம், நானா. வெறுங்காலோட ஆடினவருக்கு நூற்றுக்குப் பதினைஞ்சு கூடும். நீங்க சப்பாத்து. உங்களுக்குப் பதினைஞ்சு குறையும். கோணாமலை ஐயாட காலத்தில மூன்று புள்ளிக் கோடு இல்லை, அதால அவர் தூரத்தில இருந்து எறிஞ்சதெல்லாம் ரெண்டாப் பதிஞ்சு கிடக்கு. அதைத் திருத்தோணும். உங்கட காலத்தில லைட் இருந்தது. லைட்டுக்குக் குறையும்."

"நான் பகல்லதான் விளையாடினன்."

"லைட் இருந்தது தானே? போடலாம் எண்ட தைரியம் உங்களுக்கு இருந்திருக்கும். தைரியத்துக்குக் குறையும்."

நிஸ்தார் பட்டியலைப் பார்த்தான். முதல் மூன்று இடங்களிலும் பெயர் இல்லை.

"அது இன்னும் பிறக்காத வீரர்களுக்கு," என்றார் கனகசிங்கம் பெருமையாக. "முக்காலம் எண்டா எதிர்காலமும்தானே? முந்தி ஒரு பட்டியல் போட்டு முதலாம் இடத்துக்கு ஒரு ஆளைப் போட்டம். ஊரெல்லாம் சண்டை. இப்ப பிறக்காதவரைப் போட்டிருக்கு. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இதான் நிர்வாகம்."

நாலாம் இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அதற்கு நேரே, ஆடிய ஆட்டம்: ஒன்று. புள்ளி: எட்டாயிரத்து எண்ணூறு.

"ஒரு ஆட்டத்திலயா?" நிஸ்தார் கேட்டான்.

"இல்லை. எண்பத்தைஞ்சில ஒரு ஆட்டம், இருபத்திரண்டு புள்ளி. அதுக்குப் பிறகு ஊரடங்கு. நடந்திருக்க வேண்டிய ஆட்டம் நானூறு. நடக்காத ஆட்டத்துக்கும் சராசரியைப் போட்டுப் பெருக்கியிருக்கு. இது நான் கண்டுபிடிச்ச முறை." ஹில்மியின் முகம் மலர்ந்தது.

"அவர் இப்ப எங்க?"

ஹில்மி கணினியை வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தான். இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தான்.

"அந்தக் கொலம் எங்களிட்ட இல்லை," என்றான்.

கோணாமலை யன்னல் பக்கம் திரும்பி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பெயரைத் தெரியும் என்று நிஸ்தாருக்குப் பட்டது. கேட்கவில்லை.

பதினாறாம் திகதி மூன்று புள்ளிக் கோட்டை அளக்கப் போனார்கள். அறுபதுகளில் கோணாமலை ஆடிய தரை இப்போது ஒரு சுப்பர் மார்க்கெட். முன்னால் அளவு நாடாவோடு ஹில்மி, பின்னால் குடையோடு கனகசிங்கம், அதற்குப் பின்னால் கோணாமலை. சோடி என்றபடியால் நிஸ்தாரும் கட்டாயம் வரவேண்டும். குளிர்சாதனக் காற்றில் நாலு பேரும் நின்றார்கள். பிஸ்கட் வாங்க வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்; சுகாதாரப் பரிசோதகர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"எங்க நின்டு எறிஞ்சீங்க, ஐயா? வழமையான இடம்?"

கோணாமலை சுற்றிப் பார்த்தார். நடந்தார். சவர்க்காரத் தட்டைக் கடந்தார். மரக்கறிப் பக்கம் போய் ஒரு இடத்தில் நின்று, இரண்டு காலையும் சரிபார்த்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி, மீன் உறைபெட்டிக்கு மேலே காற்றில் ஒரு புள்ளியைப் பார்த்தார். அந்த இடத்தில் வளையம் இருப்பதுபோலவே நிஸ்தாருக்கும் தோன்றியது.

"இஞ்ச. பதியுதீன் அந்தா, அரிசி மூட்டை கிடக்கிற இடத்தில. அவன் என்னைப் பார்க்கமாட்டான். அங்கால பார்த்துக்கொண்டு இஞ்சால தருவான்."

"பதியுதீன் இந்த அளவையில இல்லை, ஐயா," என்றான் ஹில்மி, நாடாவை விரித்தபடி.

கோணாமலை பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு முட்டைக்கோவாவை எடுத்தார். நடுத்தரமான, இறுக்கமான கோவா. இடது கையில் ஏந்தி, வலது கையால் தொட்டு, எண்பத்தொரு வயது மணிக்கட்டால் ஒரு தட்டுத் தட்டினார். கோவா பிஸ்கட் தட்டுக்கு மேலால் உயர்ந்து, உறைபெட்டியைத் தாண்டி, அங்கே நின்ற ஒரு தள்ளுவண்டியின் நடுவில் விழுந்தது. தள்ளுவண்டிக்காரப் பெண் திடுக்கிட்டுக் கத்தினார். காசாளர் கைதட்டினார்.

நிஸ்தாருக்கு மயிர் கூச்செறிந்தது. அப்படி ஒரு கையை அவன் மாலைதீவிலும் கண்டதில்லை.

ஹில்மி எழுதிக்கொண்டான். "கோவா நியம நிறை இல்லை. ஏற்கப்படாது." கொஞ்சம் யோசித்து மேலும் எழுதினான். "தள்ளுவண்டி அசையக்கூடியது."

இருபதாம் திகதி நஸீறா பொறுமையிழந்தாள். அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். முப்பது பிள்ளைகளை ஒரு நிமிடத்தில் வரிசையில் நிறுத்தி முடிக்கிறவளுக்கு இது விளங்கவேயில்லை.

"ஒரு வரி எழுதுறதுக்குப் பதினொரு நாளா? இஞ்சாருங்க, நீங்க எனக்கிட்ட எதையோ ஒளிக்கிறீங்க."

"ஒளிக்க என்னடி இரிக்கி? கோவாவை அளந்துபோட்டு வாறன்."

"கோவாவையா?"

அதற்கு மேல் அவனால் விளக்க முடியவில்லை. மறுநாள் அவன் பேரவைக்குப் போய், "எனக்கு இடமும் வேணாம், கடிதமும் வேணாம். என்ட பத்திரங்களைத் தாங்க, நான் வேற வழி பாத்துக்கொள்றன்," என்றான்.

கனகசிங்கம் அவனைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, விலகலாம். ஆருமே உங்களைப் பிடிச்சு வைக்கல்ல. ஆனா விலகுற ஆள் எந்த இடத்தில இருந்து விலகுறார் எண்டு எழுதவேணும். இடம் இல்லாத ஆள் எப்பிடி விலகுறது?"

"அப்ப பத்திரம்?"

"அது இப்ப கோணாமலை ஐயாட கோப்புக்கும் சான்று," என்றான் ஹில்மி. "அவர்ட கோப்பு முடியாம எடுக்க ஏலாது."

நிஸ்தார் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தான். கோணாமலை தன் போத்தலில் இருந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவன் குடித்தான். அவன் ஆடிய காலத்தில் எந்த எதிரணியும் அவனை இப்படி மூலையில் அடைத்ததில்லை.

"நீங்க எப்பிடி ஐயா பதினொரு மாசம் வந்தீங்க?"

"முதல் மாசம் கோவம் வந்திச்சு. பிறகு பழகிப்போச்சு. பஸ்ஸில யன்னல் பக்கம் இருந்து வருவன். அதுதான் பயம், மனே. பழகிப்போறது."

இருபத்தைந்தாம் திகதி நேரடி ஒப்பீடு. தரையின் சங்கிலியைக் கழற்றினார்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அங்கே ஒரு ஆட்டம். முப்பத்தொன்பது வயதுக்காரனும் எண்பத்தொரு வயதுக்காரரும்.

"ஐயாவை இருபத்திரண்டு வயசாக்க எங்களிட்ட வசதி இல்லை," என்றான் ஹில்மி. "அதால உங்களை எண்பத்தொண்டு ஆக்குவம், நானா. ரெண்டு பேரும் சமன்."

நிஸ்தாரின் இரண்டு கணுக்காலிலும் இரண்டிரண்டு கிலோ பருப்புப் பை கட்டினார்கள். பிறகு ஹில்மி, கோணாமலையின் மூக்குக் கண்ணாடியை வாங்கி நிஸ்தாருக்குப் போட்டுவிட்டான். நிஸ்தாருக்கு வளையம் இரண்டாகத் தெரிந்தது. கோணாமலைக்கு, கண்ணாடி இல்லாததால், ஒன்றும் தெரியவில்லை.

பிறகு பந்து வந்தது. அலுமாரியின் பூட்டைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, கனகசிங்கமே அதை ஏந்தி வந்தார். எழுபத்திரண்டாம் ஆண்டில் வாங்கிய பந்து. பேரவையின் நியமப் பந்து. இதனோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாப் பந்துகளையும் திருத்துவார்கள். நிஸ்தார் அதை வாங்கித் தரையில் அடித்தான். 'சதக்' என்று ஒரு சத்தம். பந்து எழும்பவில்லை.

"காத்து இல்லை, சேர்."

"காத்தடிச்சா நியமம் மாறிப்போகும்," என்றார் கனகசிங்கம். "ஐம்பது வருஷமா ஒருத்தரும் ஒரு மூச்சுக் காத்தும் அடிக்கல்ல. அந்த ஒழுக்கத்தில நிக்குது இந்தப் பேரவை."

ஹில்மி விசிலை ஊதினான்.

முதல் பத்து நிமிடம் நிஸ்தார் பருப்புப் பையை இழுத்துக்கொண்டு இரண்டு வளையத்தில் எது உண்மையானது என்று தேடினான். அந்தப் பந்தை எறிந்தால் அது வழியிலேயே சோர்ந்து விழுந்தது. கோணாமலை ஒரு கையைக் குடையாக நெற்றியில் பிடித்தபடி நின்றார். வெயில் சீமெந்தில் காய்ந்தது. நிஸ்தாரின் முழங்காலில் பழைய வலி எழுந்தது. ஏன் இங்கே நிற்கிறோம், யாரை வெல்லப்போகிறோம் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. கண்ணாடி வேறு, எல்லாமே கரைந்து ஓடியது.

"மனே," என்றார் கோணாமலை மெதுவாக. "இஞ்சால தா."

எதிராளி பந்து கேட்கிறார். நிஸ்தார் எறிந்தான். அவர் சத்தத்தைக் கேட்டுப் பிடித்தார். வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, இடுப்புக்குக் கீழிருந்து, பின்கையால் தந்தார். நிஸ்தார் பிடிக்க நினைக்கவில்லை. பந்து அவன் கைக்குள் வந்து இருந்தது.

"ஐயா!"

"இது என்ட இல்ல. பதியுதீன்ட. திருப்பித் தா."

அவன் தந்தான். அவர் தந்தார். காற்றில்லாத பந்து இருவருக்கும் நடுவே போய்வந்தது. பருப்புப் பை அவிழ்ந்து தரையில் பருப்புச் சிந்தியது. ஒருவருக்கும் கண் தெரியவில்லை. ஒரு பந்தும் கீழே விழவில்லை. நிஸ்தார் வாய்விட்டுச் சிரித்தான். மூன்று கிழமையில் அவன் கூடைப்பந்து விளையாடியது அந்த ஐந்து நிமிடம்தான்.

விசில் ஒலித்தது.

"எதிராளிக்குப் பந்து குடுக்கிறது தவறு," என்று ஹில்மி வாசித்தான். "ரெண்டு பேருக்கும் இருபத்தேழு தவறு. புள்ளி இல்லை. ஆட்டம் சமன்."

"நல்லது," என்றார் கனகசிங்கம், பந்தைக் கையுறையோடு வாங்கிக்கொண்டு. "பதினொண்டையும் பன்னிரண்டையும் கூட்டிப் பிரிச்சுப் போடுங்க."

முப்பதாம் திகதி காலை பத்து மணிக்கு நிஸ்தாரின் கையில் கடிதம் கிடைத்தது. கெட்டித் தாள், இரண்டு முத்திரை. அவன் விறாந்தையிலேயே நின்று, போனில் நஸீறாவுக்கு உரக்க வாசித்தான்.

"'மேற்படி நபர் முக்காலத் தரவரிசையில் பதினொன்றரையாம் இடத்தில் வைக்கப்படுகிறார். இவர் ஊரடங்குக் காலத்து முதல் வீரரிலும் ஏழரை இடமும், இன்னும் பிறவாத மூன்றாம் வீரரிலும் எட்டரை இடமும் தாழ்ந்தவராவார். குறிப்பு...'"

அவன் நிறுத்தினான்.

"குறிப்பு என்ன?" என்றாள் நஸீறா.

"'குறிப்பு: மேற்படி நபர் கூடைப்பந்து விளையாடினாரா என்பதை உறுதிப்படுத்துவது இப்பேரவையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.'"

போனை வெட்டிவிட்டு நிஸ்தார் உள்ளே ஓடினான்.

"சேர், எனக்குத் தேவையான வரியே இல்லையே!"

"அது எப்பிடி நாங்க எழுதுறது?" என்றார் கனகசிங்கம் நியாயமாக. "நாங்க ஒப்பிடுற ஆக்கள். விளையாடினதை உறுதிப்படுத்துறது பழைய சங்கம். அதைக் கலைச்சாச்சு. விளையாட்டே இல்லாத இடத்தில சங்கம் எதுக்கு?"

"என்ட மாலைதீவுப் பத்திரமாவது..."

"அது அரும்பொருள் பட்டியலில ஏறிட்டு, நானா," என்றான் ஹில்மி. "வாற வருஷம் காட்சிக்கு வைப்பம். உங்களுக்கு அழைப்பு வரும்."

நிஸ்தார் மீண்டும் வாங்கில் வந்து விழுந்தான். கோணாமலை பக்கத்தில் இருந்தார்; அன்று அவருக்கு அடுத்த விசாரணை. கடிதத்தை வாங்கி வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம் நஸீறா மறுபடி எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.

"இஞ்சாருங்க, அந்த முத்தலிப் சொன்னதை விடுங்க. பள்ளிக்கூடம் அனுப்பின ஈமெயில நானே திறந்து வாசிக்கிறன். சங்கத்துக் கடிதம், அதுக்குப் பக்கத்தில 'அல்லது' எண்டு ஒரு சொல் கிடக்கு. அல்லது சத்தியக் கடதாசி. ஒரு சமாதான நீதவானுக்கு, அதான் ஜேபி ஒராளுக்கு முன்னால நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டாக் காணும். பகல் ரெண்டு மணிக்குள்ள. ஆரையாவது பிடியுங்க!"

நிஸ்தார் எழும்பினான். "ஐயா, இந்தப் பக்கம் ஜேபி ஆராவது தெரியுமா?"

"நான்தான்," என்றார் கோணாமலை.

"நீங்களா?"

"முப்பது வருஷம்." அவர் சட்டைப் பையிலிருந்து முத்திரைப் பெட்டியை எடுத்தார். வெத்திலைப் பெட்டி என்று நிஸ்தார் நினைத்திருந்தான்.

"ஏன் ஐயா முதலே சொல்லல்ல?"

"ஆர் கேட்டா? நீ கடிதம் எண்டாய். இவங்க புள்ளி எண்டாங்க."

எதிர்க் கடையில் பிளேன்டீ இரண்டுக்குச் சொல்லிவிட்டு, மேசையைத் துடைத்து, தாளை விரித்தார்கள். நிஸ்தார் எழுதினான். 'நான் கூடைப்பந்து விளையாடினேன்.' எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தான். நாலு வருடம் கொழும்பு, ஒரு பருவம் மாலைதீவு, ஐந்து நிமிடம் வாவிக் கரை. எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. மிச்ச விவரத்தையும் எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டான். கோணாமலை அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். முத்திரையை ஊதி, ஒரு அழுத்து. எல்லாமாகப் பத்து நிமிடம். பக்கத்துக் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்ப, தேநீர் ஆறுமுன் பதில் வந்தது. கிடைத்தது, நன்றி, விமானச் சீட்டு அனுப்புகிறோம். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

நிஸ்தாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோணாமலையின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு திடீரென்று ஒன்று தோன்றியது.

"ஐயா, இது இவ்வளவு லேசெண்டா, பதியுதீன் அவருக்கும் நீங்க இப்பிடி ஒண்டு எழுதலாமே! அவர்தான் பந்து தந்தவர் எண்டு சத்தியக் கடதாசி. வேற ஜேபி ஒராள்ட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது."

கோணாமலை தேநீரின் கடைசி மிடறைக் குடித்தார்.

"குடுத்தன், மனே. பதினொரு மாசத்துக்கு முதல். அதை வாசிச்சுப்போட்டுத்தான் இவங்க எனக்குக் கோப்புத் திறந்தாங்க."

மாடியில் மணி அடித்தது. அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து படியேறினார். நிஸ்தாரின் பஸ் வந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஏறாமல், அவருக்குப் பின்னால் படியேறினான். ஒரு ஆள் சாட்சிக்கு வேண்டும். பதியுதீனின் பந்து கைக்குள் எப்படி வந்து இருக்கும் என்று சொல்ல, கோணாமலையைத் தவிர உயிரோடு இருக்கிற ஒரே ஆள் இப்போது அவன்தான்.

உள்ளே கனகசிங்கம் கண்ணை மூடியிருந்தார். ஹில்மி புதுத் தாள் ஒன்றை எடுத்தான்.

"இருங்க, ஐயா. போன முறை எந்த இடத்தில விட்டம்?"

"தொடக்கத்தில," என்றார் கோணாமலை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.